ஒன்பது மணிக்கு ஏன் சுத்துது?

ஒரே வைஃபையில் ஆயிரம் கைபேசிகள்: செம்பவாங் தங்கும் விடுதிகளின் இரவு நெரிசலும் அதற்கான தீர்வும்

செம்பவாங்கின் அட்மிரல்டி ரோடு வெஸ்ட் பக்கம் உள்ள விடுதிகளுக்கு, வேலை முடித்தவர்களை ஏற்றிக்கொண்டு லாரிகள் வந்து சேர இரவாகிவிடும். குளியலறை வாசலில் வரிசை, அலச வேண்டிய வேலைத்துணி, ஆறிப்போன சாப்பாடு என்று எல்லாம் முடித்துக் கட்டிலில் காலை நீட்டும்போது மணி ஒன்பதை நெருங்கும். அந்த நேரத்தில் விடுதி முழுக்க ஒரே வேலைதான். மேல்கட்டிலில் ஒருவர் கம்பியில் கைபேசியைக் கட்டித் தொங்கவிட்டுப் படம் பார்க்கிறார். கீழ்க்கட்டிலில் இன்னொருவர் புதுக்கோட்டைக்கு வீடியோ அழைப்பு போட்டு, மகளின் பரீட்சை மார்க்கை விசாரிக்கிறார். மூலையில் பட்டிமன்றம், எதிரே கிரிக்கெட். சரியாக அப்போதுதான் திரையின் நடுவே அந்த வட்டம் சுழல ஆரம்பிக்கிறது. "சுத்துது" என்று யாராவது ஒருவர் சொன்னால் போதும், அறைக்கே புரியும்.

இதே வைஃபை காலை ஐந்து மணிக்குப் பறக்கிறது. ராத்திரி ஒன்பதுக்கு மட்டும் ஏன் தவழ்கிறது?

"விடுதிக்காரர் மலிவான லைன் வாங்கிவிட்டார்" என்பதுதான் பெரும்பாலானவர்கள் சொல்லும் பதில். சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் வீட்டுக்கு வீடு 1 ஜிபிபிஎஸ் ஃபைபர் ஓடும் சிங்கப்பூரில், வெளியிலிருந்து விடுதிக்குள் வரும் கம்பியில் அதிகம் குறை சொல்ல முடியாது. தேசிய ஃபைபர் கட்டமைப்பை 10 ஜிபிபிஎஸ் வேகத்துக்கு உயர்த்த 10 கோடி வெள்ளி வரை முதலீடு செய்யப்போவதாக அரசாங்கம் 2024-ல் அறிவித்தது. சிக்கல் பெரும்பாலும் கடைசிப் பத்து மீட்டரில், தாழ்வாரத்து ரூட்டருக்கும் கட்டிலில் இருக்கும் கைபேசிக்கும் நடுவே உள்ள காற்றில் இருக்கிறது.

கப்பல் பட்டறையிலிருந்து கட்டில் அறை வரை

செம்பவாங்குக்கும் தமிழ் உழைப்பாளிக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்ததல்ல. 1938 பிப்ரவரி 14 அன்று பிரிட்டிஷார் இங்கே தங்கள் கடற்படைத் தளத்தில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் பெயரிலான உலர்துறையைத் திறந்தார்கள். அந்தத் தளத்தை நம்பித் தமிழர்களும் மலையாளிகளும் குடும்பம் குடும்பமாக வந்து குடியேறினார்கள். 1968-ல் தளத்தின் கப்பல் பழுதுபார்ப்புப் பட்டறை ஒரு வெள்ளி அடையாள விலைக்குச் சிங்கப்பூர் அரசாங்கத்தின் கைக்கு வந்து செம்பவாங் கப்பல் பட்டறையானது. தளத்துத் தமிழர்களோடு வளர்ந்த புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் கோயில் இன்று ஈசூன் தொழிற்பேட்டையில் இருக்கிறது. வருடா வருடம் பங்குனி உத்திரக் காவடி அங்கே களைகட்டும்.

இன்று இந்த வட்டாரத்து விடுதிகளில் இருப்பவர்கள் வேறு தலைமுறை. புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சாவூர், ராமநாதபுரம் மாவட்டங்களிலிருந்து கட்டுமானத்துக்கும் கப்பல் பட்டறைக்கும் வந்தவர்கள். பக்கத்துக் கட்டில்களில் வங்காளதேசத்துக்காரர்களும் இருக்கிறார்கள். குடும்பம் ஊரில், இவர்கள் மட்டும் இங்கே.

பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன்பு இவர்களின் பொழுதுபோக்கு வேறு மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தேக்கா போவார்கள், தொலைபேசி அட்டை வாங்குவார்கள், படத்தட்டு வாங்குவார்கள். வசதி இருந்தால் மெக்கன்சி ரோடு ரெக்ஸ் தியேட்டரில் ஒரு புதுப்படம். விடுதியில் ஒரே தொலைக்காட்சி, அதற்கு முன்னால் ஐம்பது பேர். 2017 ஏப்ரலில் 2ஜி மூடப்பட்டது, 2024-ல் 3ஜியும் போனது. பழைய பட்டன் போன்கள் ஓய்ந்து எல்லார் கையிலும் திரை வந்துவிட்டது. முன்பு ஐம்பது பேருக்கு ஒரு படம் ஓடியது. இப்போது ஐம்பது பேருக்கு ஐம்பது படம் ஓடுகிறது. நெரிசலின் மூலக் கணக்கு இதுதான்.

2020 எழுதிய பாடம்

விடுதி வைஃபையைச் சலுகை என்ற இடத்திலிருந்து தேவை என்ற இடத்துக்கு நகர்த்தியது கொவிட்-19. 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நாடு முழுக்கக் கிருமிப்பரவல் முறியடிப்பு நடவடிக்கை நடப்பில் இருந்தது. விடுதிகளின் கதை அதைவிட நீளம். அந்த ஏப்ரலில் அரசிதழில் தனிமைப்படுத்தும் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட விடுதிகளில் செம்பவாங் வட்டாரத்துக் கொக்ரேன் லாட்ஜ் 1, 2 ஆகிய இரண்டும் அடக்கம். அப்போது நாடு முழுவதும் சுமார் 323,000 ஊழியர்கள் தங்கும் விடுதிகளில் இருந்தார்கள். அவர்களில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்து போயிருக்கிறது என்று அந்த வருட டிசம்பரில் மனிதவள அமைச்சு கணக்குச் சொன்னது.

அறையை விட்டு வெளியே வர முடியாத அந்த மாதங்களில் ஊர் முகம் பார்க்க ஒரே வழி கைபேசி. அரசாங்கம் இலவச வைஃபைக்கும் டேட்டாவுடன் கூடிய சிம் அட்டைகளுக்கும் ஏற்பாடு செய்தது. வார நாளிலும் வெளியே போக அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற நிலை 2022 ஜூன் வரை நீடித்தது. அத்தனை நாளும் வைஃபைதான் ஜன்னல்.

அதன் பலன் விதிமுறையில் தெரிந்தது. 2021 செப்டம்பரில் மனிதவள அமைச்சு புதிய விடுதிகளுக்கான தரநிலைகளை அறிவித்தது. ஓர் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது. ஒருவருக்குக் குறைந்தது 4.2 சதுர மீட்டர் வசிப்பிடம். ஆறு பேருக்கு ஒரு கழிப்பறை. அந்தப் பட்டியலில் வைஃபையும் ஏறியது. 2023 ஏப்ரலிலிருந்து 7 அல்லது அதற்கு மேற்பட்ட படுக்கைகள் உள்ள எல்லா விடுதிகளும் ஒரே சட்டத்தின் கீழ் வந்தன. பழைய விடுதிகள் இடைக்காலத் தரத்துக்கு 2030-க்குள்ளும், புதிய தரத்துக்கு 2040-க்குள்ளும் மாற வேண்டும் என்று 2023 அக்டோபரில் தவணையும் வைத்தார்கள்.

நல்ல முன்னேற்றம்தான். ஆனால் இடத்துக்குச் சதுர மீட்டர் இருக்கிறது, கழிப்பறைக்கு எண்ணிக்கை இருக்கிறது. வைஃபையில் ஒருவருக்கு எவ்வளவு கிடைத்தால் போதும்? அந்த அளவைத் தெரிந்துகொள்ள ஒரு சின்னக் கூட்டல் போட வேண்டும்.

ஒரு தாழ்வாரத்தின் கணக்கு

யூடியூப் தரும் கணக்குப்படி, 480பி தரத்தில் படம் தடங்கலின்றி ஓட 1.1 எம்பிபிஎஸ் வேண்டும். 720பி என்றால் 2.5, 1080பி என்றால் 5. கைபேசியின் சின்னத் திரைக்கு 480பி தாராளம். ஒரு மணி நேரத்துக்கு அரை ஜிபி செலவாகும். தினம் இரண்டு மணி நேரம் பார்த்தால் மாதம் 30 ஜிபி.

ஓர் அறையில் 12 பேர். தாழ்வாரக் கூரையில் மாட்டிய, வைஃபை பரப்பும் ஓர் ஆக்சஸ் பாயின்ட் நான்கு அறைகளைப் பார்த்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். 48 கைபேசிகள். எல்லோரும் 480பி பார்த்தால் மொத்தம் 53 எம்பிபிஎஸ், 720பி பார்த்தால் 120 எம்பிபிஎஸ். வெளிக்கம்பி 1 ஜிபிபிஎஸ் என்றால் இது அதற்குக் கால்தூசு.

இப்போது காற்றுக்கு வருவோம். மலிவு விலைக் கைபேசிகள் பலவற்றில் வைஃபைக்கு ஒரே ஆன்டெனாதான். நான்காம் தலைமுறை வைஃபையில், 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு சேனலில், அப்படிப்பட்ட கைபேசிக்கு ஏட்டளவில் கிடைக்கும் உச்ச வேகம் 72 எம்பிபிஎஸ். அதிலும் ஒருவர் பேசி முடிக்க மற்றவர் காத்திருப்பது, கிடைத்தது என்று ஒப்புதல் சொல்வது, மோதினால் திரும்ப அனுப்புவது என்று பாதிக்குப் பாதி போய்விடும். கைக்கு வருவது நாற்பதுக்குப் பக்கம். அதை 48 பேர் பங்குபோட வேண்டும். ஆளுக்கு 1 எம்பிபிஎஸ்கூடத் தேறாது. வெளிக்கம்பியை 10 ஜிபிபிஎஸ் ஆக்கினாலும் இந்தக் கணக்கில் ஒரு புள்ளி மாறாது.

ஒரு மெதுவான கைபேசி, எல்லோருக்கும் தாமதம்

வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். 1997-ல் முதல் தரநிலை வந்த நாளிலிருந்து அடிப்படை விதி இதுதான். ஆகவே உண்மையில் பங்குபோடப்படுவது நேரம்.

கதவருகே இருக்கும் கைபேசி 72 எம்பிபிஎஸ் வேகத்தில் 1,500 பைட் பொட்டலம் ஒன்றை வாங்க 0.17 மில்லிநொடி ஆகிறது. கான்கிரீட் சுவருக்கு அப்பால், உள்மூலைக் கட்டிலில் சிக்னல் ஒரு கோடாக இருக்கும் கைபேசி 6 எம்பிபிஎஸ் வேகத்தில்தான் பேச முடிகிறது. அதே பொட்டலத்துக்கு அதற்கு 2 மில்லிநொடி. பன்னிரண்டு மடங்கு. வைஃபை இருவருக்கும் சம எண்ணிக்கையில்தான் வாய்ப்பு தருகிறது. வாய்ப்பு ஒன்றுக்கு எவ்வளவு நேரம் என்று பார்ப்பதில்லை. குழாயடியில் குறுகிய வாய்க் குடத்தோடு ஒருவர் நின்றால் அகல வாளி வைத்திருப்பவரும் காத்துத்தானே ஆக வேண்டும்! மூலைக் கட்டில்காரரின் சிக்னல் பலவீனம் அவர் ஒருவரின் பிரச்சினையாக நிற்பதில்லை, தாழ்வாரத்துக்கே பிரச்சினை ஆகிறது. பிரான்ஸ் ஆய்வாளர்கள் 2003-லேயே இதை அளந்து எழுதிவிட்டார்கள். நேரத்தைச் சமமாகப் பங்கிடும் வசதி நிறுவனங்களுக்கான நல்ல கருவிகளில் இருக்கிறது. அதை முடுக்கிவிட வேண்டும், அவ்வளவுதான்.

இதன்மேல் இன்னொரு சுமை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் மூன்றே மூன்று. புளூடூத்தும் அங்கேதான், மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான். வைஃபை சரியில்லை என்று ஒருவர் தன் சிம் டேட்டாவில் ஹாட்ஸ்பாட் போட்டு நண்பருக்குப் பங்கு தருகிறார். நல்ல மனசுதான். ஆனால் அந்த ஹாட்ஸ்பாட் பெரும்பாலும் அதே மூன்று சேனல்களில் ஒன்றில் ஏறி உட்கார்ந்து அறைக்கே இடைஞ்சல் ஆகிறது. நெரிசல் கூடக் கூட ஹாட்ஸ்பாட் கூடும், ஹாட்ஸ்பாட் கூடக் கூட நெரிசல் கூடும்.

படம் ஏன் ஒரு நிமிடம் தெளிவாகவும் மறு நிமிடம் கட்டம் கட்டமாகவும் வருகிறது? இன்றைய வீடியோ முழுசாக வருவதில்லை. சில நொடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் பல தரங்களில் செய்து வைத்திருப்பார்கள். ஆப்பிள் 2009-ல் ஐஃபோனுக்குக் கொண்டுவந்த முறை இது. அதே கருத்தில் 2012-ல் சர்வதேசத் தரநிலையும் வந்தது. வேகம் இருந்தால் கைபேசி உயர்தரத் துண்டைக் கேட்கும், குறைந்தால் கீழ்த்தரத்துக்கு இறங்கும். ஒருவர் மட்டும் பார்த்தால் அருமையான ஏற்பாடு. 48 பேர் ஒரே சேனலில் பார்க்கும்போது, பக்கத்துக்காரர் துண்டு இறக்கி முடித்துச் சும்மா இருக்கும் நொடியைப் பார்த்து "இடம் நிறைய இருக்கிறது" என்று ஒவ்வொரு கைபேசியும் தப்புக் கணக்குப் போடும். எல்லோரும் ஒரே நேரத்தில் ஏறுவார்கள், ஒரே நேரத்தில் இடிபட்டு இறங்குவார்கள்.

ஒன்றை அனுப்பி எல்லோரும் பார்த்தால் என்ன?

ஐபிஎல் இறுதியாட்டம். 48 பேரில் 40 பேர் அதே பந்தைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் காற்றில் அந்தப் பந்து நாற்பது முறை போகிறது, ஆளுக்கு ஒரு தனிப் பிரதி. ஒரே முறை அனுப்பி எல்லோரும் பிடித்துக்கொள்ளலாமே என்று யாருக்கும் தோன்றும். தோன்றியும்விட்டது. மல்டிகாஸ்ட் என்ற அந்த முறைக்கு 1989-லேயே இணையத்தில் விதி எழுதிவிட்டார்கள். கம்பி வழியே வரும் கட்டணத் தொலைக்காட்சிகள் பல அப்படித்தான் ஓடுகின்றன.

வைஃபையில் மட்டும் அது நொண்டுகிறது. தனிப் பொட்டலம் கிடைத்தால் கைபேசி ஒப்புதல் சொல்லும். கிடைக்காவிட்டால் ஆக்சஸ் பாயின்ட் திரும்ப அனுப்பும். பொதுப் பொட்டலத்துக்கு ஒப்புதல் கிடையாது, தவறியது தவறியதுதான். எல்லோர் காதிலும் விழ வேண்டும் என்பதால் இருப்பதிலேயே மெதுவான வேகத்தில், பல கருவிகளில் 1 அல்லது 6 எம்பிபிஎஸ்ஸில், அதை அனுப்புவார்கள். மின்கலத்தை மிச்சப்படுத்தக் கண்ணயர்ந்திருக்கும் கைபேசிகள் விழிக்கும் வரை அது காத்திருக்கவும் வேண்டும். விளைவு: திரையில் கட்டம் கட்டமாகக் கிழிசல். அதனால் நல்ல ஆக்சஸ் பாயின்ட்கள் பொதுப் பொட்டலத்தையே ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துத் தனித்தனியே அனுப்புகின்றன. போதாக்குறைக்கு யூடியூபும் ஓடிடி செயலிகளும் மல்டிகாஸ்ட்டைப் பயன்படுத்துவதே இல்லை.

இந்தியாவில் வேறொரு பாதையில் முயற்சி நடக்கிறது. இணையமே இல்லாமல், தொலைக்காட்சிக் கோபுரத்திலிருந்து நேரடியாகக் கைபேசிக்குப் படம் அனுப்பும் டி2எம் தொழில்நுட்பம். ஐஐடி கான்பூர், பெங்களூரின் சாங்கியா லேப்ஸ் ஆகியவை அதில் முன்னணியில் இருக்கின்றன. 19 நகரங்களில் சோதனை நடத்தப்போவதாக 2024-ல் அறிவித்தார்கள். கைபேசிக்குள் அதற்கென்று தனிச் சில்லு வேண்டும். ஆக, இன்றைக்கு விடுதியில் இருப்பவர் கையில் உள்ள கைபேசிக்கு அது உதவாது.

விமானத்தில் முடிகிறது, மெட்ரோவில் முடிகிறது

அப்படியானால் விமானத்தில் மட்டும் எப்படி நூற்றைம்பது பேர் தங்கள் கைபேசியிலேயே படம் பார்த்தார்கள்? சென்னைக்கும் கோவைக்கும் பறந்துகொண்டிருந்த சில்க்ஏர், தன் போயிங் 737-800 விமானங்களில் 2014-ல் சில்க்ஏர் ஸ்டூடியோ என்ற சேவையைக் கொண்டுவந்தது. இருக்கையில் திரை கிடையாது. விமானத்துக்குள்ளேயே ஒரு சர்வர், அதில் படங்கள். பயணி தன் கைபேசியில் செயலியை முன்கூட்டியே இறக்கிக்கொண்டு வந்து, விமான வைஃபையில் சேர்ந்து பார்க்க வேண்டும். ஸ்கூட்டும் தன் 787 விமானங்களில் ஸ்கூடிவி என்ற பெயரில் இதையே செய்தது. வெளி இணையம் ஒரு துளியும் தேவையில்லை.

தரையில் இதற்கு உறவுக்காரர் சென்னை மெட்ரோ. 2019-ல் சுகர்பாக்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து, பயணிகள் டேட்டா செலவில்லாமல் உள்ளூர்ச் சர்வரிலிருந்து படம் பார்க்கும் வசதிக்கு ஏற்பாடு செய்தார்கள். பெரம்பூர் ஐசிஎஃப்பில் பிறந்த வந்தே பாரத் ரயில்களிலும் பெட்டிக்குள் வைஃபை மூலம் பொழுதுபோக்கு என்ற யோசனை இடம்பெற்றது.

இதைக் கேட்டதும் "விடுதியிலும் ஒரு சர்வர் வைத்துவிட்டால் போதுமே" என்று சொல்லத் தோன்றும். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். விமானத்தில் பஞ்சம் வெளி இணையத்துக்கு. முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்தில் அது செயற்கைக்கோள் வழியே வர வேண்டும். உள்ளே காற்றுக்குப் பஞ்சமில்லை. நடுவில் சுவர் கிடையாது, கூரையில் வரிசையாக ஆக்சஸ் பாயின்ட்கள், எல்லோரும் நாலைந்து மீட்டருக்குள். விடுதியில் நிலைமை தலைகீழ். வெளியே இணையம் கொட்டிக் கிடக்கிறது, உள்ளே காற்றுதான் நெரிகிறது. உள்ளூர்ச் சர்வர் வெளிக்கம்பியின் பாரத்தைக் குறைக்கும். கட்டில் வரை உள்ள கடைசிப் பத்து மீட்டருக்கு அதனால் ஒரு காசு பிரயோசனமில்லை.

சட்டமும் குறுக்கே நிற்கும். படங்களை இறக்கிச் சர்வரில் போட்டு அத்தனை பேருக்கும் காட்ட விடுதி நடத்துநருக்கு உரிமை கிடையாது. 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த சிங்கப்பூரின் புதிய பதிப்புரிமைச் சட்டம், அனுமதியில்லாப் படங்களைக் காட்டும் பெட்டி விற்பவர்களைக்கூட விட்டுவைக்கவில்லை. உரிமம் வாங்கித்தான் செய்ய வேண்டும்.

விமானத்திடமிருந்து விடுதி கற்க வேண்டிய பாடம் சர்வர் அல்ல. பார்ப்பவருக்குப் பக்கத்திலேயே ஆக்சஸ் பாயின்ட் இருப்பதுதான்.

பொள்ளாச்சிக்காரர் கொடுத்த வழி

வைஃபையின் இந்த இட நெருக்கடியைத் தளர்த்திய கண்டுபிடிப்புகளில் பெரியது ஒன்று, தமிழ்நாட்டில் பிறந்த ஒருவருடையது. ஆரோக்கியசாமி பால்ராஜ், பொள்ளாச்சியில் 1944-ல் பிறந்தவர். இந்தியக் கடற்படையில் சேர்ந்து, நீர்மூழ்கிகளைக் கண்டறியும் சோனார் கருவியை உருவாக்கியவர். பிறகு ஸ்டான்ஃபோர்ட் போனார். ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில், பல ஆன்டெனாக்கள் மூலம் பல தகவல் ஓடைகளை அனுப்பும் மிமோ முறைக்கு 1994-ல் காப்புரிமை பெற்றார். 2009-ல் வந்த நான்காம் தலைமுறை வைஃபையில் அது நுழைந்தது. 2014-ல் அவருக்கு மார்க்கோனி பரிசு கிடைத்தது.

மிமோவின் அடுத்த கட்டத்தில், பல ஆன்டெனா உள்ள ஆக்சஸ் பாயின்ட் ஒரே நேரத்தில் மூன்று நான்கு கைபேசிகளுக்குத் தனித்தனியே படம் அனுப்பலாம். 2019-ல் சான்றிதழ் பெறத் தொடங்கிய வைஃபை 6, ஒரு சேனலையே ஒன்பது சிறு துண்டுகள் வரை வெட்டி ஒன்பது கைபேசிகளுக்கு ஒரே வீச்சில் பரிமாறும். ஒரு நேரத்தில் ஒருவர் என்ற பழைய விதி அங்கே தளர்கிறது. ஆனால் எதிர்முனையில் உள்ள கைபேசிக்கும் அந்த வித்தை தெரிந்திருக்க வேண்டும். நாலைந்து வருடப் பழைய மலிவுக் கைபேசிகளிடம் அதை எதிர்பார்க்க முடியாது. புதுக் கருவி வாங்கி மாட்டினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது என்பதற்கு இதுவே காரணம்.

செலவு குறைந்த சிகிச்சை

முதல் சிகிச்சை இடமாற்றம். தாழ்வாரத்தில் இருக்கும் ஆக்சஸ் பாயின்ட்டை அறைக்குள் கொண்டுவர வேண்டும். அறைக்கு ஒன்று, முடியாவிட்டால் இரண்டு அறைக்கு ஒன்று. 12 பேர், 480பி: 13 எம்பிபிஎஸ். 24 பேர் என்றால் 26. சாதாரணக் கருவிகூட இதைச் சமாளித்துவிடும். சிக்னலைத் தடுக்கிறது என்று நாம் திட்டும் அதே கான்கிரீட் சுவர், ஆக்சஸ் பாயின்ட் அறைக்குள் வந்ததும் நண்பனாகிவிடும். பக்கத்து அறைச் சத்தம் இந்தப் பக்கம் வராமல் அது காக்கும். அதே சேனலை இரண்டு அறை தள்ளி மறுபடி பயன்படுத்தலாம். கேபிள் இழுக்கும் கூலிதான் பெரிய செலவு. விதிமுறை மாற்றத்துக்காக அறைகளை எப்படியும் இடித்துக் கட்டப்போகும் விடுதிகளுக்கு அதுவும் கூடுதல் செலவாகத் தெரியாது.

இரண்டாவது, அலைவரிசை. சேனல் அதிகமுள்ள 5 கிகாஹெர்ட்ஸை முன்னுக்கு வைத்து, 2.4-ஐப் பழைய கைபேசிகளுக்கு மட்டும் விட வேண்டும். 1, 2 எம்பிபிஎஸ் போன்ற புராதன வேகங்களை அமைப்பில் முடக்கிவிட வேண்டும். 6 கிகாஹெர்ட்ஸில் 500 மெகாஹெர்ட்ஸ் இடத்தை வைஃபைக்கென்று சிங்கப்பூர் ஒதுக்கியிருக்கிறது. நாளைய கைபேசிகளுக்கு அது கைகொடுக்கும்.

மூன்றாவது, அளவு. ஒருவருக்கு 2 எம்பிபிஎஸ் என்று உச்சவரம்பு வைத்தால் யாருக்கும் 1080பி கிடைக்காது. எல்லோருக்கும் 480பி ஓடும். பத்துப் பேர் பளபளப்பாகப் பார்த்து முப்பது பேர் வட்டத்தைப் பார்ப்பதைவிட இது நியாயம். வீடியோ அழைப்புக்கு மட்டும் முன்னுரிமை கொடுக்கலாம். படம் நாளைக்கும் இருக்கும். பிள்ளை தூங்கிவிட்டால் பேச்சு போனதுதான்.

நான்காவது, பழைய வழி. பெரிய ஆட்டம் நடக்கும் இரவில், உரிமையோடு பெற்ற ஒளிபரப்பை உணவுக்கூடத்தில் பெரிய திரையில் காட்டினால் ஐந்நூறு பிரதி ஒரே பிரதியாகிவிடும். மல்டிகாஸ்ட்டால் முடியாததை ஒரு புரொஜெக்டர் செய்துவிடும். கூட்டமாக உட்கார்ந்து கைதட்டிப் பார்க்கும் சுகம் இனாம்.

விடுதியில் இருப்பவர்கள் கையிலும் கொஞ்சம் இருக்கிறது. யூடியூபில் தரத்தை 480பி என்று தேர்ந்துவையுங்கள். வைஃபை பட்டியலில் பெயரோடு 5ஜி (அதாவது 5 கிகாஹெர்ட்ஸ்) என்று தனியாகத் தெரிந்தால் அதில் சேருங்கள். அறையில் வைஃபை ஓடும்போது ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிடுங்கள். ஓடிடி செயலியில் பதிவிறக்க வசதி இருந்தால், கூட்டமில்லாத அதிகாலையிலோ ஓய்வு நாளிலோ படத்தை இறக்கி வைத்துக்கொண்டு ராத்திரி பாருங்கள்.

விதியில் இல்லாத ஓர் எண்

ஒருவருக்கு இத்தனை வேகம் என்று நிர்ணயிப்பது சிங்கப்பூருக்குப் புதிதல்ல. பொது இடங்களில் இலவச இணையம் தரும் வயர்லெஸ் எஸ்ஜி 2006-ல் தொடங்கியபோது வேகம் 512 கேபிபிஎஸ். 2013-ல் 2 எம்பிபிஎஸ், 2016-ல் 5 எம்பிபிஎஸ் என்று காலத்துக்கேற்ப அளவை உயர்த்தினார்கள். கடைத்தொகுதியில் காப்பி குடித்தபடி கைபேசி பார்ப்பவருக்கு ஓர் எண் உண்டு. பத்து மணி நேர உழைப்புக்குப் பின் ஊருக்கு முகம் காட்டக் காத்திருப்பவருக்கு மட்டும் "வைஃபை இருக்கிறது" என்ற ஒரு வார்த்தை போதுமா?

வைஃபை இருக்கிறதா என்று கேட்டால் எந்த விடுதியும் ஆமாம் என்று சொல்லிவிடும். தாழ்வாரக் கூரையில் மினுக்கும் பச்சை விளக்கைக் காட்டினால் தணிக்கையும் முடிந்துவிடும். பகல் பதினொரு மணிக்கு, ஆளில்லாத அறையில், ஆக்சஸ் பாயின்ட்டுக்கு நேர் கீழே நின்று அளந்தால் வேகமும் பிரமாதமாகத்தான் வரும்.

அளக்க வேண்டிய நேரம் இரவு ஒன்பது. அளக்க வேண்டிய இடம் உள்மூலைக் கட்டில். அளக்க வேண்டிய கருவி, அந்தக் கட்டில்காரர் கையில் உள்ள அதே மலிவுக் கைபேசி. அங்கே, அப்போது, 2 எம்பிபிஎஸ் வர வேண்டும். 4.2 சதுர மீட்டருக்குப் பக்கத்தில் இந்த எண்ணையும் மனிதவள அமைச்சு எழுதிவைக்கலாம். விடுதி நடத்துநர்கள் விதி வரும்வரை காத்திராமல் இன்று இரவே ஒரு கைபேசியை எடுத்துக்கொண்டு மாடி ஏறிப் பார்க்கலாம். 2040 வரை தவணை இருக்கிறதென்று இதைத் தள்ளிப்போட வேண்டாம். சுவரை இடிக்கத்தான் வருடங்கள் ஆகும், ஆக்சஸ் பாயின்ட்டை அறைக்குள் மாற்ற அவ்வளவு காலம் தேவையில்லை.